தைத்த உடை சரியாக அமையாதபோது: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை மாலைகளில் ஐந்தாறு பெண்கள் ஒன்றுகூடி, உடையின் ஒவ்வொரு துண்டுக்கும் வடிவம் வரைந்திருக்கும் பேட்டர்ன் தாளை வைத்து எங்களுக்கு வேண்டிய குர்த்தா, பைஜாமா, ரவிக்கை, நைட்டி ஆகியவற்றை நாங்களே தைத்துக்கொள்கிறோம். புதிதாகச் சேர்பவர்கள் முதல் உடையில் பிழை வரும் என்று எதிர்பார்த்தே வருவதால் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது குர்த்தாவிலும் கழுத்து அதேபோல் தூக்கிக்கொண்டு நிற்கும்போதுதான், "எனக்கு உடம்பு வாகு சரியில்லை, கடையிலேயே வாங்கிக்கொள்கிறேன்" என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களை மனத்தில் வைத்து எழுதியது. தையலில் பிழை தெரிகிற இடமும் பிழை நேர்ந்த இடமும் பெரும்பாலும் வேறு வேறானவை. கழுத்தில் தெரிகிற கோளாறு முதுகில் தொடங்கியிருக்கலாம். கையை இறுக்குகிற கோளாறு அக்குள் வெட்டில் இருக்கலாம். எல்லா இடத்திலும் தெரிகிற கோளாறு அச்சுப்பொறியில் நேர்ந்திருக்கலாம். ஆகவே தெரிகிற இடத்தை உடனே பிரித்துத் தைப்பது பெரும்பாலும் இரண்டாவது பிழையாகவே முடிகிறது.

எதையும் பிரிப்பதற்கு முன் உடையை நன்றாக இஸ்திரி போட்டு, ஒவ்வொரு தையலையும் இரு பக்கமும் அழுத்திவிட்டு, வழக்கமாக அணியும் உள்ளாடையோடு அணிந்து, கண்ணாடி முன் கைகளைத் தொங்கவிட்டு இயல்பாக நில்லுங்கள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தால் துணி பொய் சொல்லும். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என மூன்று படங்களைக் கைப்பேசியில் யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். நாமே திரும்பிப் பார்க்கும்போது உடலோடு துணியும் திரும்பிவிடுவதால் முதுகுப்புறச் சுருக்கம் இடம் மாறித் தெரியும். அதன்பின் தேட வேண்டிய வரிசை இது: முதலில் இயந்திரம், பிறகு துணி, பிறகு தாள், கடைசியாக உடல். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

துணியின் அடியில் நூல் கூடு கட்டுகிறது

மேலே தையல் ஓரளவு ஒழுங்காகத் தெரிகிறது. திருப்பினால் அடியில் நூல் வளையம் வளையமாகச் சிக்கிக் கிடக்கிறது. அடியில் நடக்கிற கோளாறு என்பதால் எல்லோரும் கீழ் நூல் சுற்றியிருக்கும் பாபினைத்தான் குற்றம் சொல்கிறார்கள். நானும் அப்படி நினைத்து, பாபின் கேஸின் சிறு திருகை இறுக்கி, மேல் நூலின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, கூட்டி, ஒரு முழு மாலையைக் கெடுத்துக்கொண்டு, மறுநாள் இயந்திரத்தைத் தாராவி தொண்ணூறு அடிச் சாலைப் பக்கம் பழுதுபார்க்கும் ஒரு திருநெல்வேலிக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் இயந்திரத்தைத் திறக்கவே இல்லை. "அக்கா, நூல் போடும்போது காலைத் தூக்கி வெச்சீங்களா, இறக்கி வெச்சீங்களா?" என்று இயந்திரத்தின் காலைக் காட்டி மட்டும் கேட்டார். இறக்கி வைத்திருந்தேன் என்றேன். காலைத் தூக்கினார், மேல் நூலை முழுவதும் உருவினார், மீண்டும் கோத்தார், ஒரு துண்டுத் துணியில் ஓட்டிக் காட்டினார். தையல் இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தது.

காரணம் எளியது. துணியை அழுத்துகிற காலைத் தூக்கும்போது டென்ஷன் தட்டுகள் இரண்டும் விலகுகின்றன, இறக்கும்போது நெருங்குகின்றன. கால் இறங்கியிருக்கும்போது நூல் போட்டால் அது தட்டுகளுக்கு நடுவே நுழையாமல் மேலாகவே கிடக்கும். மேல் நூலுக்கு எந்தப் பிடிப்பும் இல்லாததால் அது தாராளமாகக் கீழே இறங்கி அடியில் குவியும். ஆகவே அடியில் வளையம் தெரிந்தால் மேல் நூலையும், மேலே புள்ளி புள்ளியாகக் கீழ் நூல் தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகமாக இறுகியிருப்பதையும் முதலில் சந்தேகியுங்கள். காலைத் தூக்கி மறுபடி நூல் போட்டு, ஏறி இறங்கும் நெம்புகோலின் கண்ணில் நூல் உண்மையாகவே நுழைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால்தான் டென்ஷன் எண்ணைத் தொட வேண்டும். பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் சாதாரணப் பருத்திக்கு 3 முதல் 5 வரை போதும். பாபின் கேஸ் திருகைக் கடைசியில், அதுவும் கால் சுற்று கால் சுற்றாகத்தான் திருப்ப வேண்டும். நூலின் நுனியைப் பிடித்துப் பாபின் கேஸைத் தொங்கவிட்டால் அது தானாக இறங்கக் கூடாது. கையை லேசாக உதறினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கி நிற்க வேண்டும்.

தையல் விட்டு விட்டு விழுகிறது, அல்லது நூல் அறுந்துகொண்டே இருக்கிறது

இங்கே முதல் சந்தேகம் ஊசி. கடற்கரை நகரத்தின் மழைக்காலக் காற்றில் திறந்து வைத்த ஊசிப் பொட்டலம் ஜூன் முதல் செப்டம்பருக்குள் துருப் பிடிக்கத் தொடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத துருப்புள்ளியே நூலை அறுக்கப் போதும். ஏறத்தாழ எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மல்மல், வாயில் போன்ற மெல்லிய துணிக்கு 9 அல்லது 11, கேம்ப்ரிக், பாப்ளின் போன்றவற்றுக்கு 11 முதல் 14 வரை, ஜீன்ஸ் துணிக்கு 16. பொட்டலத்தில் 75/11, 90/14 என்று இரண்டு எண்களும் சேர்ந்து அச்சாகியிருக்கும். ஊசியின் தட்டையான பக்கத்துக்கு எதிர்ப்புறத்தில் நீண்ட பள்ளம் ஓடும்; நூல் எந்தப் பக்கத்திலிருந்து ஊசிக்கண்ணுக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம் பள்ளம் இருக்க வேண்டும். இந்த விதி பழைய கறுப்பு இயந்திரத்துக்கும் புதிய மின் இயந்திரத்துக்கும் பொது.

டீ-ஷர்ட் துணியில் மட்டும் தையல் விடுகிறது என்றால், நுனி உருண்ட பின்னல்துணி ஊசிக்கு மாற்றுங்கள். தையல் நன்றாக விழுந்து, அணியும்போது நூல் பட்டென்று அறுந்தால் ஊசியில் குற்றமில்லை. துணி நீள்கிறது, நேர்த்தையல் நீளவில்லை. 1 மி.மீ. அகலமுள்ள நெருக்கமான ஜிக்ஜாக் போட்டால் தீரும். நேர்த்தையல் மட்டுமே போடுகிற பழைய இயந்திரம் வைத்திருப்பவர்கள் பின்னல்துணியை விட்டு நெசவுத்துணி பேட்டர்ன்களையே தேர்ந்தெடுப்பது நல்லது.

உடை முழுவதுமே ஒரே சீராகச் சிறியதாகிவிட்டது, அல்லது பெரியதாகிவிட்டது

ஓர் இடத்தில் மட்டும் இறுக்கம் என்றால் உடலைப் பற்றி யோசிக்கலாம். தோள், மார்பு, இடுப்பு, நீளம் எல்லாமே அளவு தப்பியிருந்தால் அது கணக்குப் பிழை. நான்கு இடங்களில் தேட வேண்டும்.

முதலாவது அச்சு. பிடிஎஃப் கோப்பாக வாங்கிய பேட்டர்னில் முதல் பக்கத்திலேயே ஒரு சோதனைச் சதுரம் இருக்கும். அச்சிடும் கடையில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற அமைப்பு தானாகவே தேர்வாகியிருப்பது வழக்கம். அப்படி அச்சிட்டால் எல்லாம் சில விழுக்காடு சுருங்கிவிடும். என் இரண்டாவது குர்த்தாவில் இது நேர்ந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஏ4 தாள்களை ஒட்டி முடித்து, துணியையும் வெட்டிய பிறகுதான் சதுரத்தின் மீது அளவுகோலை வைத்தேன். 10 செ.மீ. இருக்க வேண்டிய கோடு 9.6 செ.மீ. இருந்தது. கேட்பதற்கு 4 மி.மீ. குறைவுதான், ஆனால் 100 செ.மீ. சுற்றளவில் அது 4 செ.மீ. குறைவு, கிட்டத்தட்ட ஓர் அளவு கீழே. அச்சிடும் முன் 'உண்மையான அளவு' அல்லது '100 விழுக்காடு' என்று அமைத்து, சதுரம் உள்ள ஒரு பக்கத்தை மட்டும் முதலில் எடுத்து, நீளத்தையும் அகலத்தையும் அளந்த பிறகே மற்றவற்றை எடுக்கச் சொல்லுங்கள். இஞ்ச் டேப் பழையதானால் நீண்டுவிடும் என்பதால் இரும்பு அளவுகோலில் அளக்க வேண்டும்.

இரண்டாவது, தையலுக்கு விடும் துணி. அமெரிக்காவின் பெரிய பேட்டர்ன் நிறுவனங்களின் தாள்களில் தையலுக்கான 5/8 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.5 செ.மீ., கோட்டுக்குள்ளேயே சேர்ந்திருக்கும். ஜெர்மனியின் புர்டா இதழோடு வரும் தாள்களில் சேர்ந்திருக்காது. நாமே சுற்றிலும் விட்டு வெட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் கோட்டின் மேலேயே வெட்டித் தைத்தால் ஒவ்வொரு தையலிலும் 3 செ.மீ. போய்விடும், இரண்டு பக்கத் தையலில் 6 செ.மீ. இதற்கு நேர்மாறாக, 1.5 செ.மீ. பிடிக்க வேண்டிய இடத்தில் 1 செ.மீ. மட்டும் பிடித்தால் ஒரு தையலுக்கு 1 செ.மீ. கூடும். பக்கத் தையல் மட்டுமுள்ள குர்த்தாவில் அது 2 செ.மீ. அளவோடு போகும். முன்னும் பின்னுமாக ஆறு செங்குத்துத் தையல்கள் உள்ள உடையில் 6 செ.மீ. பெரிதாகிவிடும். நம் ஊர்த் தையற்காரர்கள் பக்கத் தையலில் மட்டும் ஓர் அங்குலம் உள்ளே விட்டுவைக்கிற வழக்கத்தை நீங்களும் கைக்கொள்ளுங்கள், பிற்பாடு பிரித்துக்கொள்ளலாம். கழுத்திலும் அக்குள் வளைவிலும் அப்படி விட்டால் வளைவு இழுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, தளர்வு. பேட்டர்ன் உறையில் உடல் அளவு, தைத்து முடித்த உடையின் அளவு என இரண்டு அட்டவணைகள் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே வடிவமைத்தவர் விட்டிருக்கும் தளர்வு. நீளாத நெசவுத்துணியில் அன்றாடக் குர்த்தாவுக்கு மார்பில் 3 முதல் 4 அங்குலத் தளர்வு வேண்டும். உங்கள் அலமாரியில் உங்களுக்கு மிகவும் வசதியாக இருக்கிற குர்த்தாவைத் தரையில் பரப்பி அளந்து, முடித்த உடையின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். எந்த அட்டவணையையும்விட அந்தக் குர்த்தா நம்பத் தகுந்தது.

நான்காவது, சுருக்கம். தைத்தபோது சரியாக இருந்து முதல் சலவைக்குப் பின் சிறியதானால் துணியை நனைக்காமல் வெட்டியிருக்கிறீர்கள். பருத்தி 3 முதல் 5 விழுக்காடு வரை எளிதில் சுருங்கும், கைத்தறி அதைவிடவும் சுருங்கலாம், அதுவும் பெரும்பாலும் நீளவாட்டில். 110 செ.மீ. நீளக் குர்த்தா 5 விழுக்காடு சுருங்கினால் 5.5 செ.மீ. போயிற்று. மங்கள்தாஸ் மார்க்கெட்டிலோ தாதர் ஹிந்த்மாதாவிலோ வாங்கி வந்த துணியை ஓர் இரவு வெறும் நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே தரையில் விரியுங்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள் காயும் துணி தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் மடிப்பில் ஈரம் நிற்கும். ஈரத்துணி நீண்டு கொடுக்கும் என்பதால், இன்னும் ஒருநாள் மின்விசிறியின் கீழ் விட்டுவிட்டு வெட்டுவதே மேல்.

துணி போதாமல் போவதும் கணக்குப் பிழையே. வெளிநாட்டுப் பேட்டர்ன் 45 அல்லது 60 அங்குல அகலத்துக்குக் கஜத்தில் கணக்குச் சொல்லும். இங்கே கடைக்காரர் 'படா பன்னா' (பெரிய அகலம்), 'சோட்டா பன்னா' (சிறிய அகலம்) என்று சொல்லி 58, 44, 36 அங்குல அகலங்களில் மீட்டரில் கிழித்துத் தருவார். பன்னா எத்தனை அங்குலம் என்று கேட்டு, முடிந்தால் டேப்பை வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

பைஜாமாவின் பக்கத் தையல் முழங்காலுக்கு முன்னால் சுற்றிக்கொண்டு வருகிறது

இது வெட்டும்போதே நேர்ந்தது. தையலைப் பிரித்துப் பயனில்லை. தாளில் வரைந்திருக்கும் அம்புக்கோடு துணியின் கரைக்கு இணையாக இருக்க வேண்டும். கோட்டின் இரு முனைகளிலிருந்தும் கரை வரை அளந்தால் ஒரே எண் வர வேண்டும், 5 மி.மீ. வேறுபாடுகூட நீண்ட காலில் முறுக்கைக் கொடுக்கும். சில நேரம் தாளை நேராக வைத்தாலும் துணியே கோணியிருக்கும். கடையில் கிழித்த ஓரத்தில் ஒரு குறுக்கிழையை உருவி, அந்தக் கோட்டில் வெட்டி, இரு கரைகளையும் சேர்த்து மடித்தால் துணியின் கோணல் உடனே தெரியும். எதிரெதிர் மூலைகளை இருவர் பிடித்துச் சாய்வாக இழுத்து நேராக்க வேண்டும். எங்களைப்போல் மேசைக்கு இடமில்லாத வீடுகளில் தரையில் வெட்டுபவர்களுக்கு ஓடுகளுக்கிடையே ஓடும் கோடுகள் நல்ல துணை. கரையை ஒரு கோட்டோடும் குறுக்கிழையை மறு கோட்டோடும் சேர்த்து வைத்தால் போதும்.

கழுத்து வாய் பிளந்து நிற்கிறது

முதலில் தாளில் கழுத்து வளைவை, டேப்பை நிமிர்த்தி வைத்து அளந்து எழுதுங்கள். தையலுக்கு விட்ட துணியைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு தைத்த கழுத்தை அளந்து பாருங்கள். தைத்த கழுத்து நீளமாக இருந்தால் அது கையாளும்போது நீண்டுவிட்டது. கழுத்து வளைவின் பெரும்பகுதி துணியின் இழைகளுக்குச் சாய்வில் விழுவதால், வெட்டிய துண்டை நாற்காலி முதுகில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டாலே நீளும். வெட்டிய கையோடு, மற்ற எதையும் தைப்பதற்கு முன், தோளிலிருந்து நடுப்பகுதி வரை ஒன்று, மறு தோளிலிருந்து நடுப்பகுதி வரை ஒன்று என்று, தையல் கோட்டுக்குச் சற்று வெளியே, விளிம்புப் பக்கமாக, ஒற்றைத் தையல் ஓட்டிவிட்டால் இது நேராது. ஏற்கெனவே நீண்டுவிட்ட கழுத்தைப் பட்டியைப் பிரித்து, நீளமான தையல் ஒன்று ஓட்டி, தாளின் அளவுக்கு மெல்லச் சுருக்கி, நீராவி இஸ்திரியால் அழுத்தி, வளைவின் நீளத்தைவிடச் சற்றுக் குறைவாக, இழைகளுக்குச் சாய்வில் வெட்டிய கிராஸ் பட்டியை லேசாக இழுத்துப் பிடித்துத் தைத்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

இரண்டு அளவும் ஒன்றாக இருந்தும் கழுத்து பிளந்தால், உங்கள் மார்பின் மேற்பகுதி அந்த அளவு எதிர்பார்ப்பதைவிட ஒடுங்கியது. எவ்வளவு துணி மிகுதி என்று குண்டூசியால் கிள்ளிப் பார்த்து, அடுத்த முறை தாளிலேயே அந்த அளவை மார்பு முனை நோக்கி மடித்துக் குறையுங்கள்.

முன்கழுத்து தொண்டையை அழுத்துகிறது, தோள் தையல் பின்னால் நழுவுகிறது

பெரும்பாலோர் இதற்கு முன்கழுத்தைக் கத்தரியால் ஆழமாக்கிவிடுகிறார்கள். அழுத்தம் போய்விடும், மறுநாளே கழுத்து பிளக்கத் தொடங்கும். உண்மையில் குறைவாக இருப்பது முதுகு நீளம். கணினி முன் நாளெல்லாம் உட்கார்ந்து தோள் முன்னோக்கி வளைந்தவர்களுக்கு முதுகின் வளைவைச் சுற்றிவரத் துணி போதாமல், அது முன்பக்கத்தைப் பின்னால் இழுக்கிறது. பின்துண்டின் தாளைத் தோள்பட்டை எலும்பு மட்டத்தில் குறுக்கே வெட்டி, நடு முதுகில் 1 முதல் 1.5 செ.மீ. விரித்து, அக்குள் ஓரத்தில் ஒன்றுமில்லாமல் முடியுங்கள். தோள் தையலை மட்டும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டுமானால் முன்தோளில் எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவைப் பின்தோளில் கூட்டினால் போதும்.

கையைத் தூக்கினால் குர்த்தா முழுவதும் மேலே ஏறுகிறது

இந்த ஒன்றைத்தான் நான் மிக அதிகமாகப் பார்க்கிறேன், இதற்குத்தான் மிகத் தவறான மருந்தும் போடப்படுகிறது. உள்ளூர் ரயிலில் மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடித்தால் குர்த்தாவின் பக்கம் இடுப்பு வரை ஏறிவிடுகிறது, கை மேற்பகுதியில் அறுக்கிறது என்றதும், "அக்குளை இன்னும் கொஞ்சம் இறக்கி வெட்டிவிடு" என்பார்கள். இறக்கி வெட்டினால் நிற்கும்போது தளர்வாக இருக்கும். தூக்கும்போது முன்னைவிட மோசமாகும்.

ஏன் என்பதைக் கைக்குட்டையை வைத்தே பார்க்கலாம். கையை உடலோடு ஒட்டி வைத்து, கைக்குட்டையின் ஒரு முனையை முழங்கை உட்புறத்திலும் மறுமுனையை இடுப்பிலும் பிடித்துக்கொண்டு கையைத் தூக்குங்கள், உடனே இழுக்கும். அதே கைக்குட்டையை அக்குளின் மிக அருகிலிருந்து தொடங்கிப் பிடித்தால் கை தாராளமாக உயரும். கை திரும்புகிற அச்சு தோள் மூட்டில் இருக்கிறது. கையும் உடலும் சேர்கிற தையல் அந்த அச்சுக்கு எவ்வளவு கீழே போகிறதோ, அவ்வளவு கைத்துணியும் பக்கத்துணியும் கையோடு சேர்ந்து ஏறியாக வேண்டும். ஆகவே அன்றாடக் குர்த்தாவில் அக்குள் வெட்டின் அடி, உங்கள் அக்குளுக்கு 2 முதல் 2.5 செ.மீ. கீழே இருந்தால் போதும். தாளில் அடியை உயர்த்தும்போது கைத்துண்டின் அக்குள் முனைகளையும் அதே அளவு உயர்த்துங்கள். அப்படிச் செய்வதால் கையின் மேல்வளைவு தானாகவே உயரம் குறையும், அக்குள் பக்கம் கையின் நீளம் கூடும். கையைத் தூக்க உதவுவது இந்த இரண்டும்தான். கையின் மிகப் பருமனான இடத்தில் 4 முதல் 5 செ.மீ. தளர்வு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஏற்கெனவே வெட்டித் தைத்த உடையை வீணாக்க வேண்டியதில்லை. அக்குளில் கைத்தையலும் பக்கத்தையலும் சந்திக்கிற இடத்தை நான்கு பக்கமும் 5 செ.மீ. பிரித்து, அதே துணியில் ஒரு சதுரத் துண்டை மூலை மேலும் கீழுமாக வருமாறு வைத்துத் தையுங்கள். நேர்க்கோட்டில் வெட்டிய பழைய பாணிக் குர்த்தாக்களில் அக்குளில் ஒரு சிறு துண்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கை தாராளமாக ஓடுவதற்கு அந்தத் துண்டே காரணம்.

கை தொங்கும்போதே முன்பக்கமோ பின்பக்கமோ சாய்வான சுருக்கம் விழுகிறது என்றால் இடது கையை வலப்பக்கம் வைத்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். கைத்துண்டில் முன்பக்க வளைவு அதிகமாகக் குடைந்திருக்கும். தாளில் முன்பக்கத்துக்கு ஒரு வெட்டுக்குறியும் பின்பக்கத்துக்கு இரண்டு வெட்டுக்குறிகளும் இருப்பது பொது வழக்கு. தோள் உச்சியில் சின்னச் சின்ன மடிப்பு விழுந்தால், கை வளைவு அக்குள் வட்டத்தைவிட நீளமாக இருப்பதே காரணம். கம்பளித் துணி அந்த மிகுதியை நீராவியில் உள்வாங்கிக்கொள்ளும், பாப்ளின் உள்வாங்காது. பருத்திக் குர்த்தாவுக்கு 1 முதல் 2 செ.மீ. மிகுதி போதும். வெட்டுக்குறிகளுக்கிடையே 4 மி.மீ. நீளத் தையலை இரண்டு வரிசை ஓட்டி, கீழ் நூல்களை இழுத்து மிகுதியைப் பரப்பி, கைத்துண்டை, துணியை நகர்த்தும் இயந்திரப் பற்கள் உள்ள அடிப்பக்கம் வைத்துத் தைத்தால் பற்களே அந்த மிகுதியை இழுத்துக்கொண்டு போகும்.

மார்பிலிருந்து சாய்வான கோடுகள் ஓடுகின்றன, அக்குள் ஓரம் தூக்கி நிற்கிறது, பொத்தானுக்கிடையே இடைவெளி விழுகிறது

மூன்றும் ஒரே காரணத்தின் மூன்று முகங்கள். இழுக்கும் கோடு எந்த இடத்தைச் சுட்டுகிறதோ அங்கே துணி போதவில்லை. பெரிய அளவைத் தேர்ந்தெடுத்தால் மார்பு சரியாகும், தோளும் கழுத்தும் சரிந்துவிடும். ஆகவே இரண்டு அளவுகளை எடுங்கள்: அக்குளுக்குக் கீழாகச் சென்று மார்பின் மேற்பகுதியைச் சுற்றி ஒன்று, மார்பின் முழுச் சுற்று ஒன்று. அமெரிக்கப் பெரிய நிறுவனங்களின் பேட்டர்ன்கள் இரண்டுக்கும் 2 அங்குல வேறுபாடு இருக்கும் என்று கருதி வரையப்பட்டவை. உங்களுக்கு 4 அங்குலம் வந்தால் மேற்சுற்றை வைத்து அளவைத் தேர்ந்தெடுத்து, போதாத 2 அங்குலத்தை, அதாவது 5 செ.மீ.யை, முன்துண்டில் மட்டும் சேருங்கள்.

முன்துண்டின் தாளை உடலின் மேல் வைத்து மார்பு முனையைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழ் ஓரத்திலிருந்து நேராக மார்பு முனை வரை வெட்டி, அங்கிருந்து சாய்வாகத் திரும்பி அக்குள் வளைவு வரை, தாள் முழுவதும் பிரிந்துவிடாமல் ஒரு நூலளவு விட்டு நிறுத்துங்கள். பக்கத் தையலிலிருந்து மார்பு முனை வரை இன்னொரு வெட்டு. இப்போது நீள வெட்டை 2.5 செ.மீ. விரியுங்கள், முன்துண்டு மடிப்பில் வெட்டப்படுவதால் பாதி அளவே விரிக்க வேண்டும். பக்க வெட்டு தானாகத் திறக்கும். அந்தத் திறப்புதான் டாட், அதாவது நுனி நோக்கிக் குறுகும்படி மடித்துத் தைக்கிற மடிப்பு. டாட்டின் நுனியை மார்பு முனைக்கு 2 முதல் 3 செ.மீ. முன்னதாகவே முடித்துவிடுங்கள், இல்லையெனில் கூராகத் துருத்தும். கீழ் ஓரத்தில் நடுப்பகுதி குட்டையாகிவிடும். அதை நீட்டிச் சமப்படுத்துங்கள். இதை முதல் முறை செய்யும்போது காடா துணியில் மேற்பகுதியை மட்டும் வெட்டிக் கைத்தையல் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் காடா, நல்ல கலம்காரித் துணி ஒன்றைக் காப்பாற்றும்.

உட்கார்ந்தால் பைஜாமாவின் பின் இடுப்பு இறங்குகிறது

இடுப்பு எலாஸ்டிக்கை இறுக்கினால் வயிற்றில் தழும்பு விழுவதுதான் மிச்சம். பின்துண்டின் தொடைச் சந்து வளைவு குட்டையாக இருக்கிறது. தாளில் பிட்ட மட்டத்தில் குறுக்கே வெட்டி, நடுத் தையலில் 2 முதல் 3 செ.மீ. விரித்து, பக்கத் தையலில் ஒன்றுமில்லாமல் முடியுங்கள். வெட்டி முடித்த உடையில் வளைவின் அடிப்பகுதியை மட்டும் அரை சென்டிமீட்டர் ஆழமாகக் குடைந்து தைத்து, அணிந்து உட்கார்ந்து பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு அரை சென்டிமீட்டர் குடையலாம். செங்குத்தாக ஓடும் பகுதியைத் தொடாதீர்கள். அங்கே குடைந்தால் பிட்டத்தின் அகலம் குறைந்துவிடும். முன்பக்கம் தொடைச் சந்திலிருந்து மீசைபோல் இரு பக்கமும் மேல்நோக்கிக் கோடுகள் விரிந்தால் முன்வளைவு போதவில்லை. அதையும் இதே முறையில் சரிசெய்யலாம்.

கீழ் மடிப்பு அலை அலையாக நிற்கிறது

கிராஸில் வெட்டிய பாவாடையையும் ரேயான் உடையையும் தைத்த அன்றே மடித்துத் தைக்கக் கூடாது. ஹேங்கரில் ஒருநாள் முழுவதும் தொங்கவிட்டால் சாய்வில் விழுந்த பகுதிகள் மட்டும் நீண்டு இறங்கும். பிறகு அணிந்துகொண்டு நின்று, மற்றொருவர் தரையிலிருந்து அளவுகோலை வைத்துச் சாக்பீஸால் சுற்றிலும் குறித்த பின், அந்தக் கோட்டில் வெட்டி, வளைவு அதிகமுள்ள இடங்களில் 1 செ.மீ.க்கு மேல் மடிக்காமல் தையுங்கள். ஏற்கெனவே அலையாகிவிட்டதென்றால் மடிப்பைப் பிரித்து, ஈரத்துணி போட்டு இஸ்திரியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்தி, மடிப்பின் அகலத்தைப் பாதியாகக் குறைத்து மீண்டும் தையுங்கள்.